ஒன்றுகூடலுக்குச் சைக்கிளில் வாருங்கள்

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த செயற்குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும்,

இந்த மடலை ஏதோ ஒரு சங்கத்துக்கென்று நான் எழுதவில்லை. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் என்று பரந்து கிடக்கும் எங்கள் சங்கங்கள் எல்லாவற்றுக்குமாக எழுதுகிறேன். கோயில்களை விட்டால், எங்கள் சனத்தை ஓரிடத்தில் கூட்டக்கூடிய வல்லமை உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் அழைத்தால் வருவார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அதனால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் வசிப்பவன், ஐம்பது வயதைக் கடந்தவன். வயிற்றுப்பிழைப்பு வேறு, சைக்கிள் என் விருப்பம். கோடையில் வேலைக்குப் போகமுன் விடியற்புறம் ஓடுவேன். சனி ஞாயிறுகளில் மார்க்கத்துக்கும் ஸ்ரூஃவ்வில்லுக்கும் அப்பால், இருபுறமும் சோளம் நிற்கும் வீதிகளில் நெடுந்தூரம் ஓடுவேன். வருடத்தில் சில தடவை போட்டிகளிலும் ஓடுவேன்.

உங்கள் ஆண்டு மலர்கள் எனக்குத் தவறாமல் வந்து சேருகின்றன. வாழ்த்துச் செய்திகளையும் விளம்பரங்களையும் தாண்டிப் போனால் அஞ்சலிப் பக்கங்கள் வரும். முன்பு அந்தப் பக்கங்களில் எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்களும், எங்கள் தாய் தகப்பன்மாரும் இருந்தார்கள். இப்போது எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். திடீர் மாரடைப்பு. சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து. இரண்டு வரி, ஒரு படம். அந்தப் படத்தில் இருப்பவனோடு நீங்களும் நானும் சைக்கிளில் ரியூசனுக்குப் போயிருப்போம். இதை இனியும் விதி என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்குச் சைக்கிளைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. நீங்கள் பாருக்குக் கீழே காலை நுழைத்து அரைப்பெடலில் ஓடப் பழகியவர்கள். தம்பியைப் பாரிலும் தங்கச்சியைக் கரியரிலும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் இருபது மைலுக்கு மேல். அந்தத் தூரத்தைப் போய்த் திரும்பியதை ஒரு சாதனையாக யாரும் அன்று சொல்லவில்லை. வல்லைவெளியில் சோளகம் எதிரே அடிக்கும்போது, ஒருவன் முன்னால் போக மற்றவர்கள் அவன் பின்னால் ஒண்டிக்கொண்டு போவீர்களே, களைத்ததும் அவன் விலக அடுத்தவன் முன்னுக்கு வருவானே, அதைத்தான் இன்று ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களிலும் செய்கிறார்கள். முன்னால் போகிறவன் காற்றை முறிக்கிறான். பின்னால் வருகிறவனுக்கு ஏறக்குறைய கால்பங்கு உழைப்பு மிச்சம். உங்களுக்கு அதை ஒரு பயிற்றுநரும் சொல்லித்தரவில்லை. காற்று சொல்லித்தந்தது.

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஏறியது. விறகும் வெங்காயமும் சைக்கிளில் சந்தைக்குப் போயின. பிரசவ நோவோடு இருந்தவர்களையும் காய்ச்சல்காரரையும் கரியரில் இருத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி பாடியது; அக்கம்பக்கத்தார் கூடியிருந்து பிபிசி தமிழோசை கேட்டோம். கிளாலிக் கடலில் வள்ளத்தில் மனிதரோடு சைக்கிள்களும் கடந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு எல்லோரும் புறப்பட்டபோது, ஹாண்டிலில் பையும் கரியரில் கிழவியுமாக, ஓட முடியாத நெரிசலில், சைக்கிளை உருட்டிக்கொண்டு மழைக்குள் போனவர்கள் உங்களில் எத்தனை பேர்! அந்தக் கால்கள் உங்களுடையவை. இன்று அதே கால்களால் பால் வாங்கப் பக்கத்துத் தெருக் கடைக்குக்கூட நீங்கள் போவதில்லை.

ஏன் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வேலை, குளிர், வாகனம் இல்லாமல் ஒன்றும் நடக்காத இந்தப் புறநகர். வந்த புதிதில் கார் வாங்கியது ஒரு விடுதலை. அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் வழியில் இன்னொரு எண்ணமும் எங்களுக்குள் புகுந்துவிட்டது: சைக்கிள் வசதியற்றவர்களுக்குரியது, நாங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்பது. அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் ஆகிய மூன்று நகரங்களில் வாழும் தெற்காசியர், ஐரோப்பிய வழியினர், சீனர் ஆகியோரை ஒப்பிட்டு, மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் சோனியா ஆனந்தும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இதய, இரத்தக்குழாய் நோய் ஐரோப்பிய வழியினரில் 100 பேருக்கு 5 பேரிடமும், சீனரில் 2 பேரிடமும் இருந்தது. தெற்காசியரில் 11 பேரிடம். 2011இல் ஒன்ராறியோவிலேயே செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ கணக்கை எடுத்துக்கொண்டது. வெள்ளையருக்கு அந்த அளவு 30இல் வருகிற நீரிழிவு ஆபத்து, எங்களுக்கு 24இலேயே வந்துவிடுகிறது. அதாவது பார்வைக்கு மெலிந்தவர் என்று நாங்கள் சொல்லும் ஆளுக்கும் உள்ளே சீனி ஏறிக்கொண்டிருக்கலாம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பதுதான் தெற்காசியருக்கு வைத்தியர்கள் சொல்லும் எல்லை. வீட்டில் தையல் அளவுநாடா இருக்கும். இன்று இரவு எடுத்துப் பாருங்கள்.

சைக்கிள் இதற்கு என்ன செய்யும்? தொடைத் தசைதான் உடம்பில் சீனியை அதிகம் விழுங்கக்கூடிய பெரிய தசை. அது உழைக்கும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகும், அடுத்த நாள் வரைக்கும்கூட, இன்சுலின் முன்னையைவிட நன்றாக வேலை செய்யும். உடற்பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால், நடந்தால் நோகும் முழங்கால்கூடச் சைக்கிளில் பெரும்பாலும் நோகாது. பிரித்தானியாவில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு: சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு அக்காலத்தில் சாவு நேரும் வாய்ப்பு, காரிலும் பொதுப் போக்குவரத்திலும் போனவர்களைவிட 41 வீதம் குறைவாக இருந்தது. முழுக்க முழுக்கச் சைக்கிள்தான் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் அறுதியிடவில்லை. ஆனால் எந்தக் குளிசையாவது இவ்வளவு வித்தியாசம் காட்டியிருந்தால் நாங்கள் அதை வாங்க வரிசையில் நின்றிருப்போம்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கனடாவின் வழிகாட்டல். அது ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியும், ஆனால் பாட முடியாது என்ற வேகம் போதும். முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். நெஞ்சுநோவு வந்தவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். இன்சுலின்காரர் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் ஓடும்போது சீனி சட்டென்று இறங்கிவிடும். இருக்கையின் உயரத்தைச் சரிபாருங்கள்: பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நிற்கவேண்டும். அதற்குக் கீழே வைத்து ஓடினால்தான் முழங்கால் பிடிக்கும். பலர் ஒரு நாள் ஓடிவிட்டு நோகிறது என்று விடுவதற்கு இருக்கை இரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பதுதான் காரணம்.

இந்த வயதில் போட்டிக்குப் போவது எதற்கு என்று என்னிடம் கேட்கிறீர்கள். கல்யாண வீடுகளில் கேட்கிறீர்கள், சிரித்துக்கொண்டும் கேட்கிறீர்கள். மனதில் உள்ளதைச் சொல்கிறேன். ஒரு திகதி குறித்திருந்தால்தான் நான் பெப்ரவரியின் இருட்டில் பேஸ்மென்றில் சைக்கிளைப் பொருத்திவைத்து உழக்குவேன். ஏப்ரலில் ‘பாரிஸ் ரு அன்காஸ்ரர்’ என்றொரு போட்டி நடக்கிறது, 1994 முதல். ஒன்ராறியோவின் பாரிஸ் என்ற சிறிய ஊரில் தொடங்கி, பழைய ரயில் பாதைகள், பண்ணை ஒழுங்கைகள் வழியாக ஹமில்ரனுக்குப் பக்கத்திலிருக்கும் அன்காஸ்ரருக்குப் போகும். பனி உருகிய நிலம். சில இடங்களில் சேறு செயினையும் பிறேக்கையும் சேர்த்துப் பிடித்து, சில்லு சுற்ற மறுக்கும். இறங்கி, விரலால் சேற்றை வழித்து எறிந்துவிட்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். கடைசியில் மார்ட்டின் வீதி ஏற்றம். கால்கள் முடிந்துபோன பிறகு வருகிற ஏற்றம் அது. இரண்டு பக்கமும் நிற்கும் முன்பின் தெரியாத சனம் முதல்வனுக்கும் கத்துகிறது, கடைசியில் வருபவனுக்கும் கத்துகிறது. பின்சட்டைப் பையில் மற்றவர்கள் கடையில் வாங்கிய சத்துக் களி வைத்திருப்பார்கள். என்னிடம் எள்ளுருண்டை இருக்கும். சீனி, கொழுப்பு, உப்புக் கொஞ்சம் என்று எல்லாம் அதற்குள் உண்டு. அந்த ஏற்றத்தில் எனக்கு முன்னால் போகிறவர்களில் எழுபது வயதுக்காரரும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை வரும், பிறகு நம்பிக்கை வரும். எங்கள் ஆட்களுக்கு எழுபதில் இப்படி ஒரு காலை ஏன் வாய்க்கக்கூடாது?

போட்டி எல்லாருக்கும் வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் 1982 முதல் இயங்கும் றன்டனர்ஸ் அமைப்பின் நெடுந்தூர ஓட்டங்களில் முதலாவதும் கடைசியும் என்று பரிசு இல்லை; 200 கிலோமீற்றரை பதின்மூன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்தால் போதும். சென்னையில் இதே வகை ஓட்டங்களைத் தமிழ்நாடு றன்டனர்ஸ் நடத்துகிறார்கள். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் விளக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்களில் வங்கி அலுவலரும் வைத்தியரும் இல்லத்தரசிகளும் உண்டு. இங்கே ஜூன் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை டொன்வலி பார்க்வேயை வாகனங்களுக்கு மூடி, இதயநோய் ஆராய்ச்சிக்காகச் சைக்கிள்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1988இல் தொடங்கிய ‘ரைட் ஃபோர் ஹார்ட்’ அது. நீங்கள் ஒவ்வொரு நாளும் நெரிசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் அதே வீதியில், காற்றின் சத்தம் மட்டும் கேட்க ஓடலாம். ஊர்ப் பெயரை முதுகில் அச்சிட்ட சட்டையோடு ஒரு சங்கம் அங்கே வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!

அக்காமாருக்குத் தனியாக ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சீருடையோடு, இரட்டைப் பின்னலோடு, வரிசையாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் நீங்கள். போர்க்காலத்தில் வீட்டையே சைக்கிளில் சுமந்தவர்கள். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்னெடுப்பில், எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குப் பழக்கியது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓடப் பழகினார்கள்; கிணற்றுக்கும் சந்தைக்கும் வேலைக்கும் ஆண் துணைக்குக் காத்திராமல் போனார்கள். அவர்கள் அரும்பாடுபட்டுப் பெற்றது உங்களிடம் சின்ன வயதிலேயே இருந்தது. கனடாவுக்கு வந்து அதை எங்கே வைத்தீர்கள்? ‘இந்த வயசில ஆக்கள் என்ன சொல்லுவினம்’ என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். ஆட்கள் எதையும் சொல்லட்டும். உங்கள் முழங்காலும் இரத்த அழுத்தமும் அந்த ஆட்களுடையவை அல்ல.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். நீங்கள் சைக்கிளில் ஏறாதிருப்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றை நான் மறுக்கவே முடியாது: பயம். ஸ்காபரோவின் பெருவீதிகளில் சைக்கிளுக்கு இடமில்லை. லோரன்ஸ், எக்லிங்டன், ஃபின்ச், மார்க்கம் றோட் எல்லாம் நெடுஞ்சாலை போல் அகலமாய், வேகமாய் ஓடுகின்றன. 2024இல் மட்டும் ரொறன்ரோவில் ஆறு சைக்கிள்காரர் வாகனங்களில் அடிபட்டு இறந்தார்கள். ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம். மார்க்கம் றோட்டில் ஒரு மாலை, பின்னால் வந்த வான் ஒன்றின் கண்ணாடி என் முழங்கையை உரசியது. அடுத்த சிவப்பு விளக்கில் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடி இறங்கியது. முன்னால் பிள்ளையார் படம். ஓட்டியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘அண்ணை, இதென்ன யாழ்ப்பாணமே? பேவ்மென்ரில ஓடுங்கோவன்.’

அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு யாரும் சொல்லவில்லை. 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ரொறன்ரோவில் நடைபாதையில் சைக்கிள் ஓடக்கூடாது என்பது நகரச் சட்டம். சைக்கிளை முந்தும்போது இயன்றவரை ஒரு மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்பது 2015 செப்ரெம்பர் முதல் ஒன்ராறியோ மாகாணச் சட்டம். விடாவிட்டால் தண்டப்பணத்தோடு புள்ளியும் விழும். பின்னால் பாராமல் கார்க் கதவைத் திறந்து சைக்கிள்காரரை விழுத்தினால் 365 டொலரும் மூன்று புள்ளியும். இவ்வளவும் காப்புறுதிக் கட்டணத்தில் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் தண்டத்துக்காகச் சொல்லவில்லை. இப்போது எங்கள் தெருக்களில் இரவில் சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மின்சைக்கிளில் போகிறவர்களைப் பாருங்கள். படிக்க வந்த பிள்ளைகள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு, ஊரில் இருந்து தாய் இரவு முழுக்க வாட்ஸப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள். அந்த ஒரு மீற்றர் அவர்களுக்கு. கதவைத் திறக்கும்போது அண்மைக் கையை விட்டுத் தூரக் கையால் திறவுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

சைக்கிள் தடங்கள் என்றதும் உங்கள் வாட்ஸப் குழுக்களில் ஒரே குரல்தான் கேட்கிறது: நெரிசல், பணவிரயம். அந்தக் குழுக்களில் நானும் இருக்கிறேன், எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பேர்ச்மவுண்ட் வீதியிலும் ஃபாமசி அவெனியூவிலும் ஒரு காலத்தில் சைக்கிள் தடங்கள் கோடு கீறியிருந்தன. 2011இல் நகரசபை வாக்கெடுத்து அவற்றை அழித்தது. எங்கள் சனம் அடர்ந்து வாழும் பகுதிக்குள் இருந்த இரண்டு தடங்கள். அன்று எங்கள் சங்கங்களில் ஒன்றாவது ஒரு கடிதமாவது எழுதியதாக எனக்குத் தெரியாது. 2024 நவம்பரில் மாகாண அரசு புளோர், யங், யூனிவர்சிற்றி வீதிகளின் தடங்களைப் பிடுங்கச் சட்டம் இயற்றியபோது சைக்கிள் ரொறன்ரோ அமைப்பு வழக்குப் போட்டது. 2025 ஜூலை 30 நீதியரசர் போல் ஷாபஸ் தீர்ப்பளித்தார்: தடங்களை எடுத்தால் உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்துக் கூடும், நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே அது உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவை மீறுகிறது. அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் பிடுங்க நினைத்த தடங்கள் எல்லாம் நகர மையத்திலும் மேற்கிலும். ஸ்காபரோவில் பிடுங்குவதற்கென்று ஒரு பெருவீதித் தடத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். பணக்காரப் பகுதிகளுக்கு இருக்கிற பாதுகாப்பு எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்று கேட்கவேண்டியவர்கள் நாங்கள். நாங்களோ அது எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நெரிசலைப் பற்றி நீங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. விடிய ஐந்து மணிக்கு ஷிஃப்ற் வேலைக்கு மிசிசாகா போகிறவருக்குச் சைக்கிள் பதிலல்ல. பனிக்காலத்தில் எழுபது வயது அம்மாவைச் சைக்கிளில் வைத்தியரிடம் கூட்டிப்போக முடியாது. காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிலோமீற்றர், தமிழ்க் கடைக்கு இரண்டு, நூலகத்துக்கு ஒன்றரை, இந்தத் தூரங்களுக்காக நாங்கள் கிளப்பும் கார்கள்தான் எங்கள் சந்திகளை அடைக்கின்றன. பதினாறு வயதுப் பிள்ளைக்கு எங்கேயும் தானாகப் போக வழியில்லை; அவளை ரியூசனுக்கும் நடன வகுப்புக்கும் ஏற்றி இறக்குவதிலேயே உங்கள் மாலைகள் போகின்றன. அதே வயதில் நீங்கள் தனியாக எங்கெல்லாம் போனீர்கள்!

ஸ்காபரோவில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமுடியாது. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து றூஜ் தேசிய நகரப் பூங்கா வரை, மின்கம்பிக் கோபுரங்களின் கீழே, ஏறக்குறைய 16 கிலோமீற்றர் நீளத்துக்கு மெடோவே என்ற பாதை அமைந்து வருகிறது. வெறும் புல்வெட்டிய நிலமாகக் கிடந்த இடத்தில் காட்டுப்பூக்கள் விதைத்திருக்கிறார்கள்; ஓகஸ்ட் மாதத்தில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும். உங்களில் பலருடைய வீட்டின் பின்வேலிக்கு அப்பால் அது போகிறது. சில பெருவீதிகளைக் கடக்கும்போது மட்டும் சமிக்ஞை விளக்குவரை சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. அதைத்தான் நகரசபையிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளவேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைய 30 இலட்சம் டொலரை உலகெங்கும் இருந்து திரட்டிக்காட்டியது எங்கள் சமூகம். தேர்தல் காலத்தில் உங்கள் மண்டபங்களுக்கு வராத வேட்பாளர் உண்டா? பொங்கல் விழாவில் வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறும் நகரசபை உறுப்பினரிடம், பொன்னாடை போர்த்தும் அதே நிமிடத்தில், இந்த வட்டாரத்தில் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக எப்போது வழி செய்வீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வீதியை மாற்றமுன் நகரசபை பொதுக் கலந்தாய்வு வைக்கும். நான் போன கூட்டங்களில் எங்கள் முகங்களைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. பத்துப் பேர் பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் வந்து இருந்தால் அந்த அறையின் பேச்சே மாறும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் கோடைகால ஒன்றுகூடலை இம்முறை சைக்கிளில் தொடங்குங்கள். உங்களில் பலர் அதை வைப்பது மோர்னிங்சைட் பூங்காவில். போர்ட் யூனியன் ஏரிக்கரையில் இருந்து ஹைலண்ட் கிறீக் ஓரமாக அந்தப் பூங்காவுக்கு மரநிழலில் பாதை இருக்கிறது, கிட்டத்தட்ட முழுவதும் வாகனம் குறுக்கிடாமல். மெதுவாக வந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். இலையுதிர் காலத்தில் போனால் ஏரியிலிருந்து சமன் மீன்கள் நீரோட்டத்துக்கு எதிரே ஏறுவதையும் காணலாம். பெரியவர்கள் முன்னும் பின்னும், பிள்ளைகள் நடுவிலுமாக வாருங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம்; மற்றவர்களும் போடுங்கள். மணி இருக்கவேண்டும். ஓடி வந்து சேர்ந்த பிறகு ஒடியல் கூழ் குடியுங்கள், கொத்துரொட்டி சாப்பிடுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

அதன்பின் ஜூன் முதல் ஒக்ரோபர் வரை மாதம் ஒரு ஞாயிறு, மெடோவேயில் ஒரு மணித்தியாலம், சங்கத்தின் பெயரில். கயிறிழுப்புக்கும் கிரிக்கெட்டுக்கும் கிண்ணம் கொடுக்கிறீர்கள். அந்த ஐந்து ஞாயிறும் வந்தவருக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள், வேகமாக ஓடியவருக்கு வேண்டாம். வாகனம் ஓட்டும் அங்கத்தவர்களுக்கு அந்த ஒரு மீற்றர் சட்டத்தை உங்கள் குழுக்களில் ஒரு தடவை தமிழில் எழுதிப் போடுங்கள். உங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்குச் சங்கத்தின் தலைப்புத்தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள். வரைவு வேண்டுமென்றால் நான் எழுதித்தருகிறேன், நீங்கள் கையொப்பம் வைத்தால் போதும்.

செயற்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு இந்த மடலை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றுகூடல் அறிவித்தலை அச்சுக்குக் கொடுக்கும்போது, காலை 8 மணிக்குப் போர்ட் யூனியனில் இருந்து சைக்கிளில் புறப்பாடு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கராஜில் காற்றிறங்கிக் கிடக்கும் சைக்கிள்களை முதல் நாள் மாலையே போர்ட் யூனியனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரியூப், ஒட்டு, பம்ப், செயின் எண்ணெய் எல்லாவற்றோடும் நான் அங்கே நிற்பேன். திகதியை மட்டும் முன்கூட்டியே அறியத்தாருங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் பழைய மாணவன் ஒருவன்